கூட்டம் வைப்பதும் கூடிப் பேசுவதும்

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னை அழைத்தபோது தலைப்பையும் தாமே தந்துவிட்டார்: "வணிகத் தலைவர்களுக்கான குழுக் கலந்துரையாடல் செயலமர்வுகளை நடத்துதல்." பிறகு தொலைபேசியிலேயே குரலைத் தாழ்த்தி, "கொழும்பில பெரிய பெரிய கொம்பனிக்காரருக்கு என்னதான் படிப்பிக்கிறாய் எண்டு வந்து சொல்லு பாப்பம்" என்றார். உண்மையைச் சொன்னால் நான் அவர்களுக்கு எதையும் படிப்பிப்பதில்லை. அவர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும்படி ஒரு நாளை ஒழுங்கு செய்து கொடுக்கிறேன், அவ்வளவுதான். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல எனக்குக் கொழும்பு ஹோட்டல்களைவிட மாங்கேணி வசதியான இடம். எனவே பெரும்பாலும் மாங்கேணியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்த வேலைக்குத் தமிழில் இன்னும் ஒரு நல்ல பெயர் அமையவில்லை. 'வளவாளர்' என்று அழைப்பிதழில் போடுகிறார்கள். வளம் என்னிடம் இருப்பதுபோல் அது ஒலிக்கிறது. உண்மையில் வளம் எதிரே இருப்பவர்களிடம் இருக்கிறது. சில அறிக்கைகளில் 'வசதிப்படுத்துநர்' என்று இருக்கும். கதிரை அடுக்கி, மின்விசிறி போட்டு, ரீ வருகிறதா என்று பார்ப்பவர் என்ற பொருளில் அது ஓரளவு சரிதான். மாங்கேணியில் எனக்குக் கிடைத்த பெயர் 'கூட்டம் வைக்கிற மிஸ்'. இதுவரை கிடைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இந்த மலரைப் புரட்டுவார்கள் என்பதால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை போகும் கரையோர வீதியில் வாழைச்சேனை, ஓட்டமாவடியைக் கடந்து வடக்கே போனால் காயான்கேணி, அதற்கடுத்து மாங்கேணி, பிறகு பனிச்சங்கேணிப் பாலம், அப்பால் வாகரை, கதிரவெளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் காடும். கசுத் தோட்டம் இருந்த இடத்துக்கு இன்றும் கஜுவத்தை என்றுதான் பெயர். வணிகத் தலைவர்கள் என்றால் கழுத்துப்பட்டி கட்டியவர்கள் நினைவுக்கு வருவார்கள். இங்கே இரண்டு படகு வைத்திருப்பவர், கரைவலை வைத்திருப்பவர், ஐஸ் பெட்டியோடு லொறி விடுபவர், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பொருளாளர், பதினைந்து வருடமாகக் கருவாடு போடும் பெண், கசு வறுத்து வீதியோரம் விற்கும் பெண் ஆகியோர்தான் வணிகத் தலைவர்கள். நாளைக்கு எவ்வளவு முதல் போடுவது, யாருக்குக் கடன் கொடுப்பது, யாரை நம்புவது என்ற முடிவை ஒவ்வொரு நாளும் எடுப்பவர்கள்.

இவர்களுக்குச் செயலமர்வு புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. 2006 இல் சண்டை வந்து வாகரைப் பிரதேசம் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2007 இல் திரும்பி வந்தார்கள். ஒவ்வொன்றுக்குப் பின்னும் நிறுவனங்கள் வந்தன. ஒவ்வொரு நிறுவனத்துடனும் டிமைத் தாளும் மாக்கர் பேனையும் வந்தன. நான் முதல் முறை போய் நின்றபோது ஒரு தம்பி மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "மிஸ், இண்டைக்கு மரம் கீறுறதா, ஆறு கீறுறதா?" பிரச்சினை மரமும் வாழ்க்கை ஆறும் கீறிக் கீறி அவர்களுக்குக் கை பழகிவிட்டது. கீறிய தாள்கள் சுருட்டி எடுத்துச் செல்லப்பட்டன. பிறகு என்ன ஆயிற்று என்று எவரும் வந்து சொல்லவில்லை. கூடிப் பேசுவதன் மேல் மக்களுக்கு உள்ள நம்பிக்கையும் களப்பு இறால் போன்றதுதான். அளவுக்கு மீறி அள்ளினால் முடிந்துவிடும்.

நான் சொல்லப்போகும் செயலமர்வு 2022 இல் வாடை தொடங்குவதற்கு முன் நடந்தது. அந்த வருடம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஓகஸ்ட் மாதத்தில், லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய படகுகளுக்கு மண்ணெண்ணெய்தான் உயிர். அதற்கு முன்னைய மாதங்களில் காசு கொடுத்தாலும் எண்ணெய் இல்லை. இப்போது எண்ணெய் இருந்தது, காசு இல்லை. படகுகள் கரையில் கிடந்தன. இந்த நிலையில் ஒரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டு இரண்டு நாள் செயலமர்வு ஒன்றை நடத்தித் தரச் சொன்னது. அவர்கள் தந்த கேள்வி: "பெறுமதிச் சங்கிலியில் பங்குதாரர்களின் ஒருங்கிணைப்பை வலுப்படுத்துவது எவ்வாறு?"

இந்தக் கேள்விக்கு எந்த மனிதரும் பதில் சொல்ல முடியாது. கேட்டவுடன் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். செயலமர்வின் பாதி வேலை கேள்வியைத் தேடுவது. அதற்காக ஒரு வாரம் முந்தியே போய் மூன்று நாள் அங்கே திரிந்தேன். மீன் இறங்கும் நேரம் கரையில் நின்றேன். கருவாட்டுப் பந்தலில் பெண்களோடு இருந்து மீன் கீறினேன். என் கை வேகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். லொறிக்காரரிடமும் பேசினேன். மூன்று இடத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது காசு எங்கேயோ குறைகிறது என்பதுதான். ஆனால் எங்கே குறைகிறது என்பதில் மூவரும் மூன்று இடத்தைச் சொன்னார்கள். ஆகவே கேள்வியை இப்படி மாற்றினேன்: "படகிலிருந்து இறங்கின மீன் எங்கட கையை விட்டுப் போகுமட்டும், காசு எந்த இடத்தில ஒழுகுது?" நிறுவனத்தார் முதலில் தயங்கினார்கள், அறிக்கையில் தங்கள் கேள்வியையே போட்டுக்கொள்ளலாம் என்றதும் சம்மதித்தார்கள்.

அடுத்தது இருக்கை. நம் ஊர்களில் கூட்டம் என்றால் முன்னே வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன் பின்னால் பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை. உண்மையான பேச்சு தொடங்கும்போது பதினொரு மணி. கோயில் கூட்டங்களில் வண்ணக்கர்மார் எங்கே இருப்பது, எந்தக் குடி முதலில் என்பதற்கெல்லாம் மட்டக்களப்பில் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஒழுங்கில் இருத்தினால் அந்த ஒழுங்கில்தான் பேச்சும் வரும். அதனால் விளக்கை வாசலிலேயே ஏற்றினோம். உள்ளே மேசையே வைக்கவில்லை. பன்பாய் விரித்து வட்டமாக இருந்தோம். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் நாலைந்து பேருக்கு மட்டும் கதிரை. பிரதேசத்து உத்தியோகத்தர் ஒருவர் வந்து நின்று மேசையைத் தேடினார். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு அவரும் பாயில் இருந்தார். அதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

வந்தவர்கள் 27 பேர். அதில் 11 பேர் பெண்கள். மீன் வாங்கும் வியாபாரிகள் நான்கு பேர் ஓட்டமாவடிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். அவர்களை அழைப்பதா வேண்டாமா என்றே சிலர் யோசித்தார்கள். வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் 2002 ஜூனில் தமிழர், முஸ்லிம்களுக்கிடையே நடந்தவை இன்னும் பலர் மனதில் இருக்கின்றன. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பின் கடைகளைத் தவிர்க்கச் சொல்லிப் பரவிய பேச்சுகளும் இருக்கின்றன. அதே நேரத்தில், மீனும் நெல்லும் துணியும் சீமெந்தும் இரண்டு பக்கமும் போய்வராத ஒரு நாளும் இந்தக் கரையில் இருந்ததில்லை. வாங்குபவர் இல்லாமல் விலையைப் பற்றிப் பேசுவது, மாப்பிள்ளை வீட்டார் இல்லாமல் சம்பந்தம் பேசுவது போன்றது.

முதல் நாள் காலை எல்லோரையும் ஒன்றாக வைத்துக் கேள்வியைக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த இடத்தில் ஆசிரியைகளுக்காக ஒரு தகவல். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற விஞ்ஞானக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சுகளை ஒலிநாடாவில் பதிந்து அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார். அதற்குள் அடுத்த பிள்ளையைக் கேட்டுவிடுகிறார், அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுகிறார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று அவர் கண்டார். மூன்று விநாடி என்பது சொல்லும்போது சிறிது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நிற்கும்போது அது ஒரு யுகம். எனக்கு நம் கணித ஆசிரியை ஞாபகத்துக்கு வருகிறார். கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் ரோவைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் மாங்கேணியின் மௌனம் விநாடிக் கணக்கில் தீருவதல்ல. அங்கே காரணம் வேறு. படகுக்காரர் பலரின் எஞ்சினுக்கும் வலைக்கும் முற்பணம் கொடுத்தவர்களே மீனை வாங்குபவர்கள். முற்பணம் வாங்கியவர் அவரிடம்தான் மீனைக் கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. கருவாடு போடும் பெண்களில் சிலருக்கு உப்பும் கைக்காசும் அதே கையிலிருந்து. காசு எங்கே ஒழுகுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கடன் கொடுத்தவர் அதே பாயில் இரண்டு முழம் தள்ளி இருக்கிறார்.

வேறொரு ஊரில், நான் பங்குபற்றுநராக மட்டும் இருந்த செயலமர்வு ஒன்று. நடத்தியவர் நல்ல சிரிப்போடு, "இது பாதுகாப்பான இடம், எதையும் மனம் திறந்து சொல்லலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதை நம்பி ஒரு பெண் தன் கடனின் வட்டியைப் பற்றிச் சொன்னாள். கேட்டவர்கள் கை தட்டினார்கள், படமும் எடுத்தார்கள். அடுத்த வாரமே கடன் கொடுத்த இடத்திலிருந்து அவளுடைய வீட்டு வாசலுக்கு ஆள் வந்து, மிச்சம் முழுவதையும் உடனே கட்டச் சொன்னார்கள். நடத்தியவர் அப்போது இன்னொரு மாவட்டத்தில் இன்னொரு செயலமர்வில் இருந்தார். கூட்டம் வைப்பவருக்கு மாலை ஐந்து மணியோடு கூட்டம் முடிந்துவிடும். அங்கே பேசியவருக்கு அப்போதுதான் தொடங்கும். இதை நான் புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்கிறேன்: ஒரு இடம் பாதுகாப்பானது என்று அறிவிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை.

ஆகவே வாயால் கேட்பதை நிறுத்தினேன். மூன்று குழுக்களாகப் பிரித்து மூன்று மர நிழல்களில் இருத்தினேன்: படகுக்காரர், பெண்கள், வியாபாரிகள். ஒவ்வொரு குழுவும் நிலத்தில் பன்னிரண்டு மாதத்தையும் கீறி, எந்த மாதம் காசு வருகிறது, எந்த மாதம் கடன் ஏறுகிறது என்று சிரட்டையும் கல்லும் வைத்துக் காட்ட வேண்டும். இந்த முறைகளைப் பற்றி நிறைய எழுதிய ரொபேட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர், கம்பை மக்கள் கையில் கொடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும் என்று சொல்லுவார். கீறும் கம்பு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பேச்சும் இருக்கும்.

மூன்று நாட்காட்டிகளும் ஒன்றுபோல் இருக்கவில்லை. ஆண்களுடையதில் மார்கழியும் தையும் வெறுமை. கடல் கொந்தளிப்பு, படகு இறங்காது. பெண்களுடையதில் கார்த்திகையிலேயே கல் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மழைக்குக் கருவாடு காயாது. அடுப்பு மட்டும் எரிய வேண்டும். மாரிக்கு வாங்கிய கடன் சித்திரை வருடப்பிறப்பு வரை இழுபடுகிறது. அந்த மாதங்களில்தான் மீன் மலிந்து வருகிறது, அப்போதுதான் விலை பேசும் பலமும் இல்லை. வியாபாரிகளின் நாட்காட்டியில் எவரும் எதிர்பாராத இடத்தில் ஒரு பெரிய கல் இருந்தது: 2020 ஒக்டோபர். அதற்குப் பிறகு வருகிறேன்.

பிறகு ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. காசு ஒழுகும் இடங்களாக அவர்களே சொன்ன ஏழு விடயங்களுக்கு ஏழு சிரட்டை. மண்ணெண்ணெய், ஐஸ், நிறுவையில் கழிவு, விலை தெரியாமை, முற்பணம், வீதிச் செலவு, பழுதாகும் மீன். சிரட்டைகளை ஒரு தட்டிக்குப் பின்னால் வைத்து ஒருவர் ஒருவராகப் போய்ப் போட்டு வந்தார்கள். எழுதத் தெரியாதவருக்கும் கொட்டை போடத் தெரியும். யார் போட்டது என்று கொட்டையில் எழுதியிருக்காது. எண்ணிப் பார்த்தபோது மண்ணெண்ணெய்தான் முதலிடத்தில் வரும் என்று நிறுவனத்தாரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். நிரம்பி வழிந்தது 'விலை தெரியாமை' என்ற சிரட்டை.

தனித்தனியாக யோசிக்க விட்டுப் பிறகு சேர்ப்பது எங்கள் ஊர்த் தந்திரம் மட்டுமல்ல. அலெக்ஸ் ஒஸ்போன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் 1950களில், எல்லோரும் ஒன்றாகக் கூடி மனதில் பட்டதையெல்லாம் சத்தமாகச் சொன்னால் யோசனைகள் பெருகும் என்று எழுதி அது உலகமெங்கும் பரவியது. 1958 இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேர் கூடிச் சொன்ன யோசனைகளைவிட, அதே அளவு நேரம் தனியாக இருந்து யோசித்த நாலு பேருடைய யோசனைகளைச் சேர்த்தால் ஏறத்தாழ இருமடங்கு. கூட்டத்தில் ஒருவர் பேச மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்; காத்திருக்கும்போது தங்களுடையதை மறக்கிறார்கள், அல்லது இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று விழுங்குகிறார்கள். அதன் பிறகு 1971 இல் டெல்பெக், வான் டி வென் என்ற இருவர், முதலில் தனியாக எழுதுவது, பிறகு வரிசையாக ஒவ்வொன்றாகச் சொல்வது, கடைசியில் இரகசியமாக வாக்களிப்பது என்று ஒரு முறையை வகுத்துத் தந்தார்கள். கொம்பனிக்காரருடன் நான் மஞ்சள் அட்டைத் துண்டுகளில் செய்வதும் மாங்கேணியில் புளியங்கொட்டையில் செய்ததும் இதுதான். புளியங்கொட்டை மலிவு.

இரண்டாம் நாள் காலை. கொட்டைகள் சொன்னதை வைத்துப் பொதுவாகப் பேசினால் போதும், யாரும் யாரையும் சுட்டத் தேவையில்லை என்றுதான் ஒழுங்கு செய்திருந்தேன். பிளேன்ரீ குடிக்கும் நேரம் ஒரு பெரியம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். கருவாடு போடுபவர், கணவர் இல்லை, மகன் படகோட்டுகிறார்.

"மகள், நான் ஹாஜியாரிட்ட நேர கேக்கப் போறன்."

"பெரியம்மா, கொட்டை சொல்லிட்டுதுதானே. நீங்க வாயால சொல்லத்தான் வேணுமா? யோசிச்சுக் கொள்ளுங்க."

"கொட்டைக்கு முகம் இல்ல புள்ள. அவருக்கு என்ட முகத்தப் பாத்து மறுமொழி சொல்லட்டும்."

நான் தடுக்கவில்லை, தூண்டவும் இல்லை. ஆனால் ஒன்று கேட்டேன்: மகனுக்குத் தெரியுமா? தெரியும், இரவு பேசிவிட்டோம் என்றார். அது போதும்.

வட்டத்தில் அவர் சொன்னது ஏறத்தாழ இதுதான்: "ஹாஜியார், நீங்க நல்ல மனிசன். என்ட மகன்ட எஞ்சினுக்குக் காசு தந்ததும் நீங்கதான். அத மறக்கல்ல. ஆனா என்ன விலைக்கு எடுக்கிறீங்க எண்டது, நிறுத்து, ஐஸ் போட்டு, பெட்டி மூடினாப் பொறகுதான் எங்களுக்குத் தெரியவாற. அது ஏன்?"

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். நானும் வாய் திறக்கவில்லை. ஒருவர் எழுந்து சமாளிக்கப் பார்த்தார். கையைக் காட்டி இருத்தினேன். ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்கும் அப்பிடித்தான் அக்கா. பேலியகொடயில இறக்கினாப் பொறகுதான் எனக்கும் விலை தெரியவாற."

அப்போதுதான் அந்த 2020 ஒக்டோபர் கல்லுக்கு அர்த்தம் வெளிவந்தது. பேலியகொட மத்திய மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி கண்டுபிடிக்கப்பட்டுச் சந்தை மூடப்பட்ட மாதம் அது. நாடு முழுவதும் மீனுக்குக் கேள்வி இல்லாமற் போன நாட்கள். வழியிலே லொறியோடு நின்றவர், மீனைப் புதைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அந்த மீனுக்கு மாங்கேணியில் காசு கொடுத்து முடித்துவிட்டார். கொழும்பில் இருந்து அவருக்கு வர வேண்டியது வரவே இல்லை. அவரும் அங்கே ஒருவரிடம் முற்பணம் வாங்கியவர்தான். அந்தப் பாயில் இருந்த எவருக்கும் அது தெரியாது. இரண்டு வருடமாக, 'கொள்ளை லாபம் அடிக்கிறார்' என்றே ஊர் பேசியிருக்கிறது. அவரோ, 'உதவி செய்தவனை மறந்தவர்கள்' என்று நினைத்திருக்கிறார்.

இதைக் கேட்டு எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று சொன்னால் மலருக்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் நல்ல சண்டை. நிறுவையில் ஏன் கழிவு, எத்தனை கிலோவுக்கு எவ்வளவு கழிவு, ஐஸ் யார் கணக்கு. ஆனால் அது உருப்படியான சண்டை. எண்களை வைத்து நடந்த சண்டை. மாலைக்குள் மூன்று முடிவுகள் எழுதப்பட்டன. முந்தின நாள் பேலியகொட விலையைத் தொலைபேசியில் கேட்டு, ஐஸுக்கும் லொறிக்கும் கழிப்பது எவ்வளவு என்பதோடு, நிறுக்கும் முன் கரையில் ஒரு பலகையில் எழுதுவது. கூட்டுறவுச் சங்கத்தின் தராசில் நிறுப்பது. ஒரே திசையில் போகும் படகுகள் முறை வைத்து ஒன்றாகப் போய் எண்ணெயை மிச்சம் பிடிப்பது.

ஆறு மாதம் கழித்து, சம்பளம் இல்லாத பயணமாகப் போய்ப் பார்த்தேன். படகு முறை இரண்டு வாரத்தோடு நின்றுவிட்டது. யார் வலை முதலில் என்ற பிரச்சினை. தராசு சில நாள் இருக்கும், சில நாள் இராது. பலகை இருந்தது. எழுதுவது பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை, பெரியம்மாவின் பேத்தி. ஹாஜியார் இன்னும் பெரியம்மாவிடம்தான் கருவாடு எடுக்கிறார். விலை கூடியதா என்று கேட்டேன். "கூடக் கிடக்கும், குறையக் கிடக்கும், ஆனா முந்தித் தெரியும்" என்றார்.

இவ்வளவு பாடுபடுவதைவிட, விலை கேட்டு எழுதுங்கள் என்று ஒரு உத்தியோகத்தர் வந்து சொல்லியிருக்கலாமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் குர்ட் லெவின் என்ற உளவியலாளர் இதையே சோதித்தார். அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றைக் குடும்பப் பெண்கள் சமைக்க வேண்டும் என்று அரசு விரும்பியது. (நம் வீடுகளில் என்றால் அதற்கு அடிபிடி நடக்கும்.) சில பெண்கள் குழுக்களுக்கு அருமையான விரிவுரை, செய்முறைத் தாளும் கொடுத்தார்கள். மற்றக் குழுக்களில், 'இதைச் சமைக்க உங்களுக்கு என்ன தடை?' என்று அவர்களையே பேச வைத்து, கடைசியில் முடிவைக் கை உயர்த்திக் காட்டச் சொன்னார்கள். பிறகு விசாரித்துப் பார்த்தபோது, விரிவுரை கேட்டவர்களில் 3 வீதம் சமைத்திருந்தார்கள். தாங்களே பேசி முடிவெடுத்தவர்களில் 32 வீதம். இரண்டு குழுவுக்கும் கொடுத்தது ஒரே நேரம், முக்கால் மணித்தியாலம்.

கொழும்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் செயலாளர் கோபிப்பார். அங்கே குளிரூட்டி, மூன்று மொழி, ரோல்ஸும் கேக்கும். முற்பணம் இல்லை, ஆனால் பதவியுயர்வு இருக்கிறது, ஆண்டிறுதி போனஸ் இருக்கிறது. பணிப்பாளர் முதல் வாயைத் திறந்து, "எனக்கு இப்படித் தோன்றுகிறது, ஆனால் நீங்கள் சுதந்திரமாகச் சொல்லுங்கள்" என்பார். அத்தோடு கூட்டம் முடிந்தது. மிச்ச நேரம் முழுக்க அவருடைய வசனத்துக்கு விளக்கவுரைதான். அவரிடம் நான் கென்னடியைப் பற்றிச் சொல்வதுண்டு. 1961 இல் கியூபாவின் பன்றிகள் குடாப் படையெடுப்புக்கு அவருடைய கெட்டிக்கார ஆலோசகர்கள் யாரும் வலுவாக மறுப்புச் சொல்லவில்லை. அது பெரும் தோல்வியாயிற்று. அடுத்த வருடம் ஏவுகணை நெருக்கடியின்போது அதே கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகாமல் இருந்தார், மற்றவர்கள் தாராளமாக வாதாடட்டும் என்று. இர்விங் ஜானிஸ் என்பவர் 1972 இல் இவற்றை ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். பணிப்பாளர்கள் கதையை ரசிப்பார்கள். பிறகு நான், "அப்படியானால் ஐயா, பதினொரு மணி வரை நீங்கள் வெளியே இருக்க முடியுமா?" என்று கேட்டால் முகம் மாறும். போனவர்களும் இருக்கிறார்கள். அந்த நாட்களில் கிடைத்த பேச்சு நல்ல பேச்சு.

ரீ இடைவேளையைக் குறைக்கச் சொல்பவர்களுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன். ஹரிசன் ஓவன் என்பவர் ஒரு வருடம் முழுக்கப் பாடுபட்டு ஒரு மாநாடு நடத்தினார். வந்தவர்கள் எல்லோரும் மிகவும் பயன்பட்டது கோப்பி இடைவேளைதான் என்றார்களாம். அதிலிருந்துதான் 1985 இல், நிகழ்ச்சி நிரலையே வந்தவர்கள் போடும் 'திறந்த வெளி' முறையை அவர் தொடங்கினார். பெரியம்மா என்னிடம் வந்தது பிளேன்ரீ நேரத்தில் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இந்தப் பாடசாலை எனக்குப் பேசக் கற்றுத் தந்தது. இந்த மேடையில்தான் விவாதப் போட்டிகளில் நின்று எதிரணியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் உடைக்கப் பழகினோம், கேடயமும் வாங்கினோம். மறுபக்கம் சொல்வதில் எது சரி என்று தேடினால் அதற்குப் புள்ளி கிடையாது. அந்தப் புள்ளித்திட்டத்தை மாற்றச் சொல்லி அதிபர் அவர்களிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், இங்கும் கேட்கிறேன்.

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எத்தனை பேர் வாய் திறக்கிறோம் என்று நான் ஒரு முறை எண்ணினேன். எண்ணிக்கையைச் சொல்லமாட்டேன், பேசியவர்களுக்குத் தங்களைத் தெரியும். புலமைப்பரிசில் நிதியை இனி எதற்குச் செலவிடுவது என்ற விடயம் அடுத்த கூட்டத்தில் வருகிறது. கிராமத்திலிருந்து வந்து விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கா, கணினிக் கூடத்துக்கா, உயர்தர விஞ்ஞான வகுப்புக்கா என்று மூன்று கருத்து இருப்பது எனக்குத் தெரியும். மூன்றும் தொலைபேசியிலேதான் பேசப்படுகின்றன. ரொறன்ரோ, லண்டன், சிட்னிக் கிளைகள் காசு அனுப்புவதால் அவர்கள் குரலுக்குக் கனம் கூட, பரவாயில்லை. ஆனால் விடுதிப் பிள்ளைகள் இரண்டு பேரை அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். வெளிநாட்டுக் கிளைகளும் நாமும் பேசுவதற்கு முன் அவர்களைத் தனியாகக் கேளுங்கள். பெரியவர்கள் முன் நிறுத்தி, "சொல்லு பிள்ளை, பயப்படாத" என்று சொல்ல வேண்டாம். புளியங்கொட்டை நான் கொண்டு வருகிறேன்.

கேள்விகளுக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். உடனே கை உயர்த்த வேண்டாம். முதல் மூன்று நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். முடிந்தால் உங்கள் வகுப்புத் தோழி அல்லாத ஒருவரோடு. திரையில் இருப்பவர்கள் எழுதி அனுப்புங்கள். ஒலிவாங்கி பின்வரிசையிலிருந்து தொடங்கட்டும்.